பசுவந்தனையில் நின்றுபோன முல்தான் மழை

பசுவந்தனை,
ஐப்பசி 22

அன்பு மகன் செல்வகணேஷுக்கு அப்பா லிங்கராஜ் ஆசி சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மா செல்வமாரியும் சுகம். கிடாவும் சுகம், அதுதான் பிரச்சினை. அவ்விடம் ஷார்ஜாவில் நீயும் உன்னோடு ஒரே ரூமில் இருக்கிற அப்பாஸும் சுகமாயிருக்கச் சுடலைமாடன் துணை நிற்கட்டும்.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நான் கோபமாகப் பேச ஆரம்பித்தால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அந்தப் பாகிஸ்தான்காரப் பையன் எட்டிப் பார்த்து, நீ சொல்லிக்கொடுத்த தமிழில், "அப்பா, சாப்ட்டியளா?" என்கிறான். எனக்குக் கோபம் போய்விடுகிறது. இந்தக் கடிதத்தை அவனால் வாசிக்க முடியாது. லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிற சுடலைக்குமாரிடம் கடம்பூர் போளியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். போளியை அப்பாஸுக்குக் கொடு. கடிதத்தை நீ மட்டும் படி.

நம் வீட்டில் உள்ளூர் நியூஸ் கேட்டு மாதக்கணக்காகிறது. உன் அம்மாவுக்கு முல்தான் பக்கத்தில் அப்பாஸின் அம்மா இருக்கிற ஊர் நிலவரம்தான் முக்கியம். இந்த அம்மாவும் அந்த அம்மாவும் போனில் முகம் பார்த்து ஆளுக்கொரு பாஷையில் பேச, நடுவில் அப்பாஸ் இருந்து மாற்றி மாற்றிச் சொல்ல, இங்கே எனக்குக் காப்பி ஆறிப்போகிறது. அங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதெல்லாம் இவளுக்கு அத்துப்படி. கரண்ட் வராத வீட்டுக்கும் பில் மட்டும் தவறாமல் வருகிறதாம், அதனால் எருமையை விற்றுக் கூரையில் சோலார் மாட்டிவிட்டார்களாம். கோதுமை விளைந்தால் விலை இல்லை, அதே கோதுமை மாவாகிக் கடைக்கு வந்தால் வாங்க முடியவில்லை. அப்பாஸின் தம்பி டிகிரி வாங்கிவிட்டு பைக்கில் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கிறானாம். ஊர்வலம் வருகிறதென்றால் ரோட்டை கண்டெய்னர் வைத்து அடைத்து நெட்டையும் நிறுத்திவிடுவார்களாம். போன எலெக்‌ஷனில் ஒரே கட்சி ஆட்களுக்கு ஒருத்தருக்குக் கத்தரிக்காய், ஒருத்தருக்குக் கட்டில் என்று ஆளுக்கொரு சின்னமாம். "பாவம் அந்த மதினி, எதுல குத்தணும்னே தெரியாம நின்னுருக்கா" என்று இவள் அன்றைக்குக் கத்தரிக்காயைக் கையால் தொடவில்லை. நெட் நின்ற நாளில் அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்த ஊர் சர்க்கார் பண்ணுகிற தப்புக்கெல்லாம் இங்கே நான் பட்டினி கிடக்கிறேன். மற்றபடி அத்தை மகளைக் கட்டுவதிலும், வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் விடாததிலும் அவியளும் நம்மள மாதிரிதான். மாம்பழத்தில் மட்டும் முல்தான்தான் உசத்தி என்று அந்த அம்மா அடம்பிடிக்கிறார்கள், இவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். புரட்டாசி முதல் மழையில் ஊரே உளுந்து விதைத்ததா, அந்த வாரம்தான் அங்கே வெள்ளம் கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. அந்த அம்மா போன் எடுக்கவில்லை. அப்பாஸ் அழுததை நீதான் பக்கத்தில் இருந்து பார்த்தாயே. உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுடலைமாடன் கோயிலுக்குப் போய், "மழை நிக்கணும் சாமி, அந்தப் பையன் கையால ஒனக்குக் கிடா தாரேன்" என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். எந்த ஊர் மழை என்று சொல்லவில்லை! கரிசக்காட்டுல பொறந்து வளந்தவ, கரிசக்காட்டுச் சாமிகிட்டயே போயி மழை நிக்கணும்னு கேட்டிருக்கா. நம்ம சாமிக்கு முல்தான் எங்கன கெடக்குன்னு தெரியுமா? அன்னையோட நம்ம ஊர்ல மழை நின்னுபோச்சு. அந்த அம்மா பள்ளிக்கூட மாடியில் பத்திரமாக இருந்தார்கள், நல்லது, எனக்கும் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. ஆனால் இங்கே முளைத்த உளுந்து ஊர் முழுக்கக் கருகிக்கொண்டு கிடக்கிறது. டீக்கடையில் தலைகாட்ட முடியவில்லை. "என்ன அண்ணாச்சி, பாகிஸ்தான்ல தண்ணி வடிஞ்சிட்டா? மிச்சத்த இங்கன அனுப்பச் சொல்லுங்க" என்கிறார்கள்.

இதில் கிடா வேறு. நேர்ந்துவிட்ட கிடாவை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது. அது அந்தக் கிடாவுக்கும் தெரிந்துபோய்விட்டது. தினமும் எவன் காட்டிலாவது மேய்கிறது. "ஒங்க பாகிஸ்தான் கிடா எம் பிஞ்சையில நிக்கி, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சுப்புத்தாய் தெருவில் நின்று கத்துகிறாள். பிஞ்சையில் மிச்சமிருக்கிற நாலு செடியும் அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

நேர்த்திக்கடனை முடித்தால்தான் மழை என்று சாமியாடி ராமசுப்பு சொல்லிவிட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிடா உடம்பை உலுக்கித் துலுக்கினால்தான் சாமி சம்மதம். அப்பாஸ் கையால் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே, அதனால் வீடியோவில் தெளிக்கலாம் என்று உன் அம்மா யோசனை சொன்னாள். அந்தப் பையன் அங்கேயிருந்து பயபக்தியாக ஒரு செம்புத் தண்ணீரையும் தன் போன் மேலேயே ஊற்றிவிட்டான். நீ பக்கத்தில்தானே நின்றாய், தடுத்திருக்கக் கூடாதா? அவன் போன் போச்சு. இங்கே கிடா துலுக்கவில்லை, என் போனை நக்கிப் பார்த்தது.

"ஆளு நேர்ல வரணும்" என்றார் ராமசுப்பு.

"அவன் பாகிஸ்தான்காரன் அண்ணாச்சி, விசா தரமாட்டாவ."

"சாமிக்கு அதெல்லாம் தெரியாதுல்லா."

அப்பாஸ் ஏஜெண்டிடம் கேட்டானாம், இப்போதைக்கு அந்தப் பேச்சே எடுக்காதே என்று விரட்டிவிட்டானாம். அந்த அம்மாவோ, ஆபத்து நீங்கினால் தங்கள் பக்கம் உடனே கிடாவை அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம், துலுக்குகிறவரை யார் காத்திருப்பார்கள் என்கிறார்கள். எனக்கு அதுதான் சரியாப் படுது. உங்கம்மா கேட்டால்தானே! ரெண்டு சர்க்காரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கி, நடுவுல எங் காட்டுல கிடா நிக்கி.

ஆகையால் மகனே, உடனே ஒரு வழி பண்ணு. "எம் பேர விட்டுருங்கம்மா, செல்வகணேஷ் கையால முடிச்சிருங்க" என்று அப்பாஸை விட்டு உன் அம்மாவிடம் சொல்லச் சொல். நீ லீவு போட்டு வந்து தண்ணீரைத் தெளி. மழை பெய்யாவிட்டால் இந்த வருசம் வீட்டில் ஒரு மணி உளுந்து கிடையாது. எனக்கு இனி பாகிஸ்தானும் வேண்டாம், அந்தக் கிடாவும் வேண்டாம்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாடசாமி உன்னையும் கூட இருக்கிறவனையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அப்பா
லிங்கராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் வானம் இருட்டி, ஊற்றோ ஊற்றென்று ஊற்றுகிறது. கிடா நனைந்துபோய் வீட்டுக்குள் ஓடி வந்து, என் முன்னால் நின்று, மூக்கிலிருந்து வால்வரை துலுக்கியது. என் வேட்டியெல்லாம் தண்ணீர். ராமசுப்பு குடையோடு ஓடி வந்து, "சாமி உத்தரவு குடுத்துட்டாரு, நாளைக்கே முடிச்சிருவோம்" என்றார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "பையன் கையாலன்னுதான சாமிக்கு வாக்கு? பையன் எங்க?" என்று சத்தம் போட்டு அவரை அனுப்பிவிட்டேன். மேலே எழுதியதை அப்பாஸிடம் சொல்லிவிடாதே. விசாவுக்குத் திரும்பவும் கேட்கச் சொல். தரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இந்தக் கிடா கிழடு தட்டினால் இன்னொன்று வளர்த்துக்கொள்கிறேன். இப்போது எழுத நேரமில்லை, உன் அம்மா முல்தானுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். கிடைத்ததும் முதலில் நான் பேசணும். இங்கன பெய்யுது, அங்கன பெய்யலையேன்னு கேட்டுக்கிடணும்.