கிணற்றில் இறங்கிய டிராக்டர்

சுபா, கார்த்தி, உங்கள் அப்பா ஒரு காலத்தில் திருடன். பீரோவை உடைத்தவன் இல்லை, கேமை உடைத்தவன். போன வாரம் நீங்கள் "ஃப்ரீயா டவுன்லோடு பண்ணித் தாப்பா" என்று கேட்டதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனேனே (நம் வீட்டில் மாடு கிடையாது), காரணம் இதுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் தவளக்குப்பம் ஜங்ஷனில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு கேம் சென்டர் நடத்தினேன். ஒரு டிஸ்க்குகூட ஒரிஜினல் இல்லை. கேமின் பூட்டை உடைக்கிற ஃபைலுக்கு 'கிராக்' என்று பெயர். அதைப் போடத் தெரிந்ததால் நான் விஞ்ஞானி என்று எனக்கு நினைப்பு.

எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க, பாகூரிலிருந்து உங்கள் தாத்தா கடைக்கு வந்தார். கூடவே உங்கள் அம்மா (பரீட்சை ஃபார்ம் வாங்கத்தான் வந்தாளாம், இன்றும் சாதிக்கிறாள்).

"தம்பிக்கு இன்னா வேலைலாம் தெரியும்?"

"இந்த ஜங்ஷன்லயே பெரிய கிராக் நான்தான் மாமா."

தாத்தா உங்கள் அம்மாவைப் பார்த்தார். நம் ஊரில் கிராக் என்றால் மண்டை கழன்றவன் என்பது விஞ்ஞானிக்கு அப்புறம்தான் உறைத்தது.

சமாளிக்க, அன்று காலை ஏற்றிய டிராக்டர் கேமில் அவரை உட்கார வைத்தேன். ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர் அல்லவா? ஐந்து நிமிடம் சொர்க்கம். "மண்ணு நெசமாவே பொரளுதுபா," என்றார். ஆறாவது நிமிடம் டிராக்டர் பின்னால் நகர்ந்தது. உழுத மண் மறுபடி கட்டாந்தரையானது.

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா ரிவர்ஸ்ல போவுது."

அவர் கால் மேசைக்கடியில் பிரேக்கைத் தேடியது. டிராக்டர் வரப்பைத் தாண்டி நிதானமாகக் கிணற்றில் இறங்கியது. திரையில் ஆங்கிலத்தில் நான்கு வரி.

"இன்னா போட்ருக்கு?"

"மழ வருதாம் மாமா. வண்டிய ஷெட்ல வுடச் சொல்றான்."

உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். "இல்லப்பா. இது திருட்டுக் காப்பியாம். மூணு பேர் சேந்து ரெண்டு வருஷமா செஞ்சாங்களாம். புடிச்சிருந்தா வாங்கிக்கங்கன்னு போட்ருக்கு."

அந்தக் கிணற்றில் எனக்கும் இடம் இருக்குமா என்று பார்த்தேன்.

தாத்தா திட்டவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. "மூணே பேரா? வானம், வரப்பு, டீசல் பொக, எல்லாம்? இங்க ஒருத்தன் திருடுவான்னு அங்கேந்தே தெரிஞ்சி, அவனுக்குன்னு தனியா ஒரு கெணறு வெட்டி வச்சிருக்கானே. அவனுக்குக் குடுக்கலாம்டி உன்ன."

நான் வாங்கி வைத்த கலர் சோடாவைத் தொடாமல் எழுந்து போனார். பின்னால் போன உங்கள் அம்மா மட்டும் வாசலில் நின்றாள். "ஒரிஜினல் வாங்கிட்டுச் சொல்லுங்க. அப்பாகிட்ட நான் பேசறேன்."

பேசினாள். அதனால்தான் நீங்கள் இருக்கிறீர்கள். இன்றைக்கும் நல்லவாட்டிலிருந்து மீன் வாங்கிப் போனால்கூட, "ஒரிஜினலா கிராக்கா மாப்ள?" என்றுதான் பையைத் திறக்கிறார். கேமுக்குப் பூட்டு வைத்தால் விற்பனை கூடுமா என்று படித்தவர்கள் வாதாடுகிறார்கள். எனக்குத் தெரிந்து தவளக்குப்பத்தில் ஒன்று கூடியது.

அவர்கள் வந்துபோன மறுநாளே பாண்டிக்குப் போய் ஒரிஜினல் வாங்கி வந்தேன். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்து உழுதேன். ஆறாவது நிமிடம் தாண்டியது. கடைசிச் சால் முடிந்ததும் எங்கிருந்தோ கொக்குகள் வந்து ஈர மண்ணில் இறங்கின. காப்பி ஓட்டிய எவனும் பார்த்திராத கொக்குகள். எஞ்சினை அணைத்தேன். அவை பறந்துவிடக் கூடாதே என்று கீபோர்டிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன்.