சர்க்கார் எலும்பு

சர்க்கார் சொத்து என்றால் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். நாற்காலிக்கு உண்டு, மண்பானைக்கு உண்டு, பானைமேல் கவிழ்த்த டம்ளருக்கும் உண்டு. மனிதனின் காலுக்கு மட்டும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறை 1994-இல் ஓசூரில் தீர்ந்தது.

கருப்பசாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எனக்கு அடுத்த வீடு. கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டுகிறவர். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது லாரி தட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரண்டு விரல்கடை காணாமல் போயிற்று. அப்போது தொழிற்பேட்டையில் சர்க்கார் பணத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் நடந்தது. அதை நடத்திய டாக்டர் ஜோதியம்மாள் எலும்புக்குச் சாரம் செய்கிறவர். கட்டடம் எழும்ப மூங்கிலில் சாரம் கட்டுகிறோமே, அதே வேலைதான். துளைத்துளையான ஒரு வெள்ளைத் துண்டை இடைவெளியில் வைத்தால் துளைகளுக்குள் எலும்பு வளரும். வளர வளரச் சாரம் தானே கரைந்துவிடும். கருப்பசாமிக்கு வைத்தார்கள். இரண்டு வருடத்தில் மனிதர் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கும் அளவுக்கு ஓடினார். நாங்கள் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டோம்.

பிறகு வருடாந்தரச் சரக்கு சரிபார்க்க நாராயணப்பன் என்ற அதிகாரி வந்தார். 'சாரம், வெள்ளை, துளையுள்ளது, ஒன்று' எங்கே என்று கேட்டார். கரைந்துவிட்டது, அதுதான் வெற்றி என்றார் டாக்டர். கரைந்தது என்றால் நட்டம், நட்டம் வந்த இடத்துக்கு அடுத்த வருடம் மானியம் கிடையாது என்று அதிகாரி அன்போடு தெரிவித்தார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, கரையவில்லை, எலும்பாக மாறியிருக்கிறது என்று திருத்திச் சொன்னார்.

"சர்க்கார் மரத்த அறுத்து பெஞ்சு பண்ணா, பெஞ்சு யாருதுங்கம்மா?"

"சர்க்காரோடதுதான்."

"அப்ப எலும்பும் அப்படித்தானுங்களே."

எலும்பின் மேலேயே எண் எழுதவேண்டும் என்பதுதான் விதி. டாக்டர் மன்றாடியதால் தோலின்மேல் எழுத நாராயணப்பன் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். குளித்தால் போகாத சிவப்பு பெயிண்டு.

அடுத்த மாதமே ஆனேக்கல்லிலிருந்து கங்கப்பன் என்பவர் தேடி வந்து, தம் மகள் சாந்தம்மாவைக் கருப்பசாமிக்குத் தருவதாகத் தாமாகவே சொன்னார். முப்பத்தாறு வயதுவரை பெண் கிடைக்காமல் இருந்தவர் கருப்பசாமி, அழுதேவிட்டார். கல்யாணம் பெண் வீட்டில் என்று முடிவாயிற்று.

ஆனேக்கல் கர்நாடகத்தில் இருக்கிறது. சர்க்கார் சொத்து மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. கருப்பசாமி மனுப் போட்டார். மேற்படி கால் நீங்கலாக ஏனைய உறுப்புகள் திருமணத்தில் கலந்துகொள்ள ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு நாராயணப்பனிடம் போனார்.

"கணக்குலருந்து கழிச்சாதான் விடுதலை. பழுதான பொருளத்தான் கழிக்க முடியும். நீங்க நல்லா நடக்கறீங்களே" என்று அதிகாரி நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆகவே கழிவுக் குழுவின் முன்னால் கருப்பசாமி நொண்டினார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேற்படி கால் இனி எவ்விதப் பயன்பாட்டுக்கும் உகந்ததல்ல என்று குழு ஒருமனதாக முடிவெடுத்து, தின்னர் ஊற்றி எண்ணைத் துடைத்தது. பயன்பாட்டுக்கு உகந்ததல்லாத அந்தக் காலால் மறுநாள் சைக்கிள் மிதித்து ஆனேக்கல் போய்ச் சேர்ந்தார், நல்ல செய்தி சொல்ல.

கங்கப்பன் மாப்பிள்ளையின் வேட்டியை விலக்கிப் பார்த்தார். எண் இல்லை. தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார்.

"மாமா, கால் இப்ப என்னோடதுதான். முழுசா என்னோடது."

"பிரைவேட் கம்பெனிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? ஒரு காலாச்சும் கவர்மெண்ட்ல இருக்குதேன்னுதான் ஒத்துக்கினேன்."

கருப்பசாமி நேரே நாராயணப்பனிடம் ஓடி, காலைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார். பழுது என்று சர்க்காரே முடிவு செய்த சரக்கைச் சர்க்கார் எப்படி வாங்கும்? பாவம், அதற்குமேல் பேசவும் கருப்பசாமியை விடவில்லை. பின்னால் மூக்கண்டப்பள்ளியே வரிசையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாண வயதில் ஒரு தம்பி. அவனுடைய இரண்டு கால்களையும் சர்க்காருக்கு எழுதித் தருவதாக மனு எழுதிக்கொண்டு நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.