ஈரத்துணிக் குளிர்

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு. எனக்குக் குளிர். ஆம்பூரில் பிறந்தவனுக்கு வரக்கூடாத ஆசை இது. வழுக்கைத் தலையன் சீப்புக் கடையை விட்டு நகராத மாதிரி.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். குளிர் இல்லாத கார்த்திகையை அதில் சேர்க்காமல் விட்டது யாருடைய பெருந்தன்மையோ தெரியவில்லை.

ஆசை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் தோல் ஜாக்கெட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பனி கொட்டும் தேசங்களுக்குப் போகிற ஜாக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு, லைனிங் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதாவது என் கை மட்டும் இருபது வருடமாக வெளிநாட்டில் இருக்கிறது. மீதி உடம்பு ஃபேனுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு நிற்கிறது. ஒருமுறை, தோளில் தையல் கோணல் என்று கழித்த ஜாக்கெட் ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு நாள் ஆம்பூர் வீதியில் நடக்க வேண்டும். வேறு லட்சியம் எதுவும் எனக்கு இல்லை. (கேட்பவர்கள் சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன்.)

என்னைப் போன்ற பைத்தியங்கள் இருபது பேர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். பெயர், 'குளிர் ரசிகர்கள்'. தலைவர் நான். ஐப்பசி பிறந்தால் எங்களுக்குச் சோறு இறங்காது. காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு என்று வரைபடம் வரைபடமாகப் பார்ப்போம். தினமும் காலை ஆறு மணிக்கு, அவரவர் வீட்டில் முந்தின இரவு எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்று போட வேண்டும். சோளிங்கரில் பூக்கடை வைத்திருக்கும் சேகர் "இருபத்தொண்ணு" என்று போடுவார். உடனே கண்ணீர்ப் பொம்மைகள் வரிசையாக விழும். இழவு வீட்டில்கூட அவ்வளவு அழுகை இருக்காது.

என் தங்கை செல்விக்கு அரக்கோணத்தில் மாப்பிள்ளை அமைந்த வருடம், நான் வேலூர் லாங் பஜாரில் ஒரு புது தெர்மாமீட்டர் வாங்கினேன். இரவில் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். காலையில் பித்தானை அமுக்கினால் சொல்லும். பின்கட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

"இது ரொம்ப மென்மையான சாமான்மா. இது மேல சூடு படவே கூடாது, பாத்துக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். வெயில் நேராக விழாமல் ஒரு தகரம் சாய்த்து வைத்தால் போதும் என்ற அர்த்தத்தில் சொன்னது. அந்த அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை பித்தானை அமுக்கினேன். பதினெட்டரை! ஊரெல்லாம் இருபத்தொன்றில் நிற்கும்போது என் பின்கட்டு மட்டும் பதினெட்டரை. அடுத்த நாள் பதினெட்டு. குழு அல்லோலகல்லோலப்பட்டது. "தலைவரே, உங்க வீடு மலைக்காத்து எறங்குற வழியில இருக்குது" என்று எழுதினார் சேகர். நான் பணிவாகக் கைகூப்பும் பொம்மை போட்டேன். உள்ளுக்குள் ஒரு சாண் வளர்ந்திருந்தேன்.

வளர்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். கல்யாணம் பேச செல்வியையும் கூட்டிக்கொண்டு அரக்கோணம் போனபோது, மாப்பிள்ளையின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்களுக்கு நகை நட்டு எதுவும் வேணாம் தம்பி. ஹால் மட்டும் ஏசியா இருக்கட்டும். போன வருசம் ஒரு கல்யாணத்துல புழுக்கம் தாங்காம மயங்கி வுழுந்துட்டேன்."

எங்கள் ஊர் ஏசி ஹாலில் இருநூறு பேர்தான் அடங்குவார்கள். என் கம்பெனி ஆட்களுக்கே அது போதாது. பக்கத்தில் திறந்த மைதானம் இருந்தது. நான் செல்போனை நீட்டினேன்.

"மாமா, ஏசி இன்னாத்துக்கு? இத பாருங்க. இப்பவே பதினெட்டு. கார்த்திகை கடைசில பதினாலுக்கு எறங்கிடும். அன்னிக்கு ஆம்பூரே ஏசிதான்."

"ஆம்பூர்லயா?"

"எங்க வீட்டுப் பின்கட்டுல மாமா. நானே அளந்தது. எதுக்கும் வரும்போது ஸ்வெட்டர், குல்லா எடுத்துனு வந்துடுங்க. அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அண்ணன் சொல்றீங்க, நம்புறேன்" என்றார். திரும்பி வரும்போது ரயிலில் செல்வி மெல்லக் கேட்டாள். "அண்ணா, நிஜமா குளிருமா? நான் அந்த வீட்டுலதான் காலம் பூரா இருக்கணும்."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நான் அளந்துட்டேன்" என்றேன். இதைப் பழமொழி என்ற திமிரோடு வேறு சொன்னேன்.

ரிசப்ஷன் நாள் வந்தது. மைதானத்தில் பந்தல். மேடைக்கு மட்டும் இரண்டு ஃபேன். ஐஸ்கிரீமை ரத்து செய்துவிட்டு சுக்கு காபியும் மிளகு சூப்பும் வைத்திருந்தேன். மதியமே வரைபடத்தில் ஒரு மேகம் தெரிந்தது. 'தாண்டிப் போய்விடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது தாண்டவில்லை. இட்லிக் குண்டானுக்கு மூடி போட்ட மாதிரி எங்கள் பந்தலுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. பந்தல் துணி அசையவில்லை. உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம்.

சாயங்காலம் ஆறரைக்கு அரக்கோணத்து வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் நான்கு பிள்ளைகள் குரங்குக் குல்லாவோடு இறங்கின. அப்புறம் பட்டுப்புடவை மேல் ஸ்வெட்டர் மாட்டிய அத்தைகள். கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா, கழுத்தில் இரண்டு சுற்று மஃப்ளரோடு. எல்லோர் முகத்திலும் வியர்வை ஓடியது. வரவேற்க நின்றவன் யார்? கழுத்துவரை ஜிப் போட்ட தோல் ஜாக்கெட்டில் நான். (கழற்றியிருக்கலாமே என்பீர்கள். கழற்றினால் குளிரவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?)

"வாங்க மாமா. கொஞ்ச நேரத்துல எறங்கிடும்" என்றேன்.

"எது, வேன்லர்ந்தா? எறங்கிட்டமே" என்றார் அவர்.

சோளிங்கர் சேகர், அந்தப் பதினாலைத் தரிசனம் செய்ய, சொந்தத் தெர்மாமீட்டரோடு வந்திருந்தார். பந்தல் காலில் மாட்டிவிட்டு, சாவுச் செய்தி சொல்பவர் போல என் காதருகே வந்தார். "தலைவரே. முப்பது." பரிமாறுகிறவன் வேறு அந்த நேரம் பார்த்து, "சார், சூடா சூப்பு" என்றான்.

மேடையில் செல்வியின் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது. போட்டோவுக்குச் சிரித்தபடியே பல்லிடுக்கில் பேசினாள். "அண்ணா, மாமாவைப் பாரு."

பார்த்தேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. அரக்கோணத்து ஆட்கள் சுற்றி நின்று, அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் கால் நடுங்கியது. அத்தனை வருடம் காத்திருந்த நடுக்கம் அன்றுதான் வந்தது. இவர் இங்கே மயங்கி விழுந்தால், 'முதல் நாளே மாமனாரைச் சாய்த்த பொண்ணு' என்று என் தங்கையை ஆயுசுக்கும் சொல்வார்களே!

அவர் நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "தம்பி. அந்தப் பதினெட்டு. எதுல பாத்தீங்க?"

"நல்ல மெசின்தான் மாமா. மேகம் வந்து பேஜார் பண்ணிடுச்சு..."

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையைத் தாங்கிப் பேச முன்னால் வந்தாள்.

"அவன் மேல தப்பு இல்லீங்க. அந்த மெசின கொழந்த மாதிரி பாத்துக்கறோம். சூடு படக்கூடாதுன்னு சொன்னான். அதான் தெனம் ராத்திரி சாப்டதும் நானே ஈரத்துணி சுத்தி வெச்சிடுவேன். காலைல வாசல் தெளிக்க எழுந்திருக்கும்போது எடுத்துடுவேன். ஒரு நாள் தவறுனது இல்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். சேகர் என்னைப் பார்த்தார். ஐப்பசி முழுக்க இருபது பேர் கொண்டாடிய குளிர், என் அம்மாவின் பழைய புடவைக் கிழிசலில் இருந்து வந்திருக்கிறது. மலைக்காற்று இறங்கும் வழியாம்! ஈரத்துணியைக் காற்றில் போட்டால் சில்லென்று ஆகும் என்பது வாசலில் பானை விற்கிறவருக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்தார். போச்சு, வேனுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கைகழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்து, மஃப்ளரை நனைத்துப் பிழிந்து, தலையில் சுற்றிக்கொண்டார். திரும்பி வந்து மேடை ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஒரு நிமிடம் போனது.

"சம்மந்தியம்மா" என்றார். "இந்த வீட்டுல உருப்படியா வேல செய்யறது உங்க துணி ஒண்ணுதான்."

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்கப்புறம் குழாயடியில் கூட்டம் தாங்கவில்லை. துண்டு, குல்லா, அத்தைகளின் ஸ்வெட்டர், எல்லாம் தண்ணீருக்குப் போயின. கல்யாண ஆல்பத்தில் இன்றும் பார்க்கலாம்: இரண்டு வீட்டாரும் தலையில் ஈரத்துணியோடு வரிசையாக நிற்கிறோம். ஓரத்தில் ஒருவன் தோல் ஜாக்கெட்டோடு, தலையில் சொட்டச் சொட்ட ஒரு துண்டோடு நிற்கிறான். அது நான்தான்.

அரக்கோணத்து வீட்டில் அது இப்போது பழமொழியாகவே ஆகிவிட்டது. செல்வியின் மகன் கணக்கில் தொண்ணூறு என்று வந்து நின்றால், அவன் தாத்தா கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார். "துணி சுத்துன மார்க்கா, சுத்தாத மார்க்கா?" குழுவில் என் பழைய அளவுகளையெல்லாம் அழித்துவிட்டார்கள். தலைவர் பதவி சேகரிடம் இருக்கிறது. ஜாக்கெட் பீரோவில் அந்துருண்டையோடு கிடக்கிறது.

ஆனாலும் ஐப்பசி வந்தால் கை சும்மா இருப்பதில்லை. இன்று காலையும் பித்தானை அமுக்கினேன். இருபத்திரண்டரை. சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தேன். வாசல் தெளித்துவிட்டு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்ளோடா?"

"இருபத்திரண்டரைம்மா."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"பாவம். கொஞ்சமா நனைச்சு சுத்தி வுடட்டா?"