முனியாண்டி பாறையில் ஒரு பெட்டி

"வேற என்னாங்க?"

"வேற ஒண்ணுமில்ல புள்ள."

"மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றா. அடுத்த மாசம் கையெழுத்துப் போடணுமாம். நான் என்னா சொல்ல?"

"ஒன் இஷ்டம்."

"என் இஷ்டந்தானா?"

"ஆமா... இங்க நல்ல மழை."

குவைத்தில் வீட்டு வேலை செய்த மனைவி மீனாம்பாளிடம் வேலுசாமி கடைசியாகப் பேசியது இவ்வளவுதான். தேயிலை ஃபெக்டரி அடுப்புக்கு விறகைத் தள்ளும்போதெல்லாம் இது அவர் காதில் ஓடிக்கொண்டேயிருந்தது. 'வந்துடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகள் படிப்புக்காகப் போனவள் மீனாம்பாள். மகள் படித்து முடித்து பெல்மதுளையில் பாலர் பள்ளி டீச்சராகவும் ஆகிவிட்டாள். போன காரணம் தீர்ந்துபோயிற்று. போனவள்தான் திரும்பவில்லை.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் கஹவத்தை டவுனில் இருந்த முக்தாரின் கொமியுனிகேஷன் கடை. அங்கே போன் கூண்டுக்குக் கதவு உண்டு, அது மூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியே தோட்டத்து ஆட்கள் பாதிப்பேர் வரிசையில் நிற்பார்கள். முக்தார் வேறு, லைன் இரைந்தால் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "அக்கா என்னா சொல்றாங்கன்னா அண்ணன்..." என்று விளக்கவும் செய்வான். அந்தச் சபையில் நின்று, நாற்பத்தைந்து வயசு ஆம்பிளை, 'நீ இல்லாம இருக்க முடியல' என்று எப்படிச் சொல்வது? அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அதைச் சொல்லியே கொன்றுவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். அரசாங்க ஆராய்ச்சி நிதியில், அடுத்த தலைமுறைத் தொலைபேசி வலையமைப்பைப் பரிசோதிக்கிறார்களாம். இப்போதைய தலைமுறையே எட்டிப் பார்க்காத, தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு அடுத்த தலைமுறை நேராக வந்து இறங்கியது.

"இந்த மலை, இந்த மரம், இந்த மழை. இங்க வேலை செஞ்சா நாட்டுல எங்கயும் வேலை செய்யும்" என்றாள் பொறியியலாளர் நிலுஷா. சிங்களத்தில்தான் பேசினாள். "ஒரு பெட்டி வைப்போம். அதைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். சோதனைப் போன் அவர் வீட்டுலயே இருக்கும். வெளிநாட்டுக்கும் பேசலாம்."

"மங் பலாகன்னங் மிஸ்" என்றார் வேலுசாமி. நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அர்த்தம். தோட்ட மேனேஜர் துரை இன்னும் யாரையும் கேட்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக்குப் பின்னால் இருந்த முனியாண்டி பாறைதான் உயரமான இடம். அதன் உச்சியில் ஆளுயரக் கம்பம் நட்டு, பலகை போன்ற வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். நிலுஷா கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"இது மக்களோட வரிப்பணம். அடுத்த மாசம் நிதிக் குழு வந்து பாக்கும். திருப்தின்னா தொடரும். இல்லன்னா பெட்டியைக் கழட்டிக்கிட்டுப் போயிருவோம். பெட்டி முகத்தை எதுவும் மறைக்கக் கூடாது."

வேலுசாமி அன்று சாயந்திரம் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு குவைத் நம்பரை அழுத்தினார்.

"அலோ?" என்றாள் மீனாம்பாள்.

"மீனா, நாந்தான். ஒண்ணு சொல்லணும்..."

போன் செத்துப்போனது.

பாறைமேல் ஏறிப் பார்த்தார். பெட்டியின் முகத்தில் மஞ்சள் தோய்த்த துணி ஒன்று, நடுவில் காசு முடிந்து, மழையில் சொட்டச் சொட்டத் தொங்கியது. நேர்த்தித் துணி. அவிழ்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் இரண்டு தொங்கின.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பாயி அக்கா கீழே நின்றபடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "நேத்து அவுத்தது நீதானே?"

"அக்கா, அது சாமியில்ல. டெலிபோன் பெட்டி."

"பாறை யாரோட பாறை?"

"முனியாண்டி பாறை."

"பொறவு? சூலம் இருக்கவேண்டிய எடத்துல அவரு கேட்டு வாங்கி வச்சிருக்காரு. கட்டுன துணியை அவுத்தா ரெட்டையாக் கட்டணும். அதான் கட்டுனேன்."

"ஈரத்துணி சிக்னலைக் குடிச்சிருது அக்கா!"

"அதுவும் குடிச்சிட்டுப் போகட்டும். முனியாண்டி குடிக்காததா?"

"அப்படி என்னாதான் வேண்டுதல் ஒங்களுக்கு? எங்கிட்டச் சொல்லுங்க. முடிஞ்சா நானே செஞ்சி குடுத்துர்றேன்."

கருப்பாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நேர்த்தியை வெளிய சொன்னா பலிக்காது. ஒனக்குத் தெரியாது?"

தெரியும். தோட்டத்தில் பிறந்தவர் யாருக்கும் தெரியும். வேண்டுதல் பலிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்த வாரம் முழுக்க வேலுசாமி அவிழ்த்தார். அவர்கள் இரட்டையாகக் கட்டினார்கள். பள்ளியில் சரியாகப் பிடிபடாத பெருக்கல் கணக்கு பாறைமேல் அவருக்கு நன்றாகப் புரிந்தது. சனிக்கிழமைக்குள் பெட்டி கல்யாண வீட்டு வாழை மாதிரி ஆகிவிட்டது.

துணியை நிறுத்த முடியாவிட்டால் ஈரத்தையாவது நிறுத்தலாம் என்று தோன்றியது. ஃபெக்டரியில் கழித்துப்போட்ட தகரத்தைக் கேட்டு வாங்கி, கம்பத்தைச் சுற்றி மூன்று பக்கமும் அடைத்து, மேலே கூரையும் போட்டார். துணி காய்ந்தது. சிக்னல் அறவே நின்றுவிட்டது.

கொழும்பிலிருந்து நிலுஷா அலறினாள். ஃபெக்டரிப் போனில் துரை முன்னிலையில் வேலுசாமி அதை வாங்கிக்கொண்டார்.

"தகரமா? தகரம் போட்டீங்களா? ஐயோ, சிக்னலுக்கு அது சுவர்! ஒடனே கழட்டுங்க!"

கழற்றப் போனபோது கோயில் தலைவர் தம்பையா அங்கே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டமும் நின்றது.

"வாங்க வேலு. நாங்க இத்தினி வருசமா முனியாண்டிக்கு ஒரு கூரை போடணும்னு பேசிக்கிட்டேதான் இருந்தோம். நீங்க பேசாம செஞ்சி முடிச்சிட்டீங்க" என்று வேலுசாமியின் கழுத்தில் மாலையைப் போட்டார்.

மாலை போட்டவர் முன்னால் எப்படிக் கூரையைப் பிடுங்குவது? வேலுசாமி வீட்டுக்கு வந்து யோசித்தார். யோசித்ததன் விளைவாக, பாறைக்குக் கீழே ஒரு மூங்கிலை நட்டு, அதற்குத் தானே சந்தனம் பூசி, ஒரு சேதியைப் பரப்பினார். முனியாண்டி கனவில் வந்து, மேலே காற்று அதிகம், கீழே இறங்கிவிட்டேன் என்று சொன்னாராம்.

லயமே பக்தியோடு கேட்டுக்கொண்டது. மறுநாள் மூங்கில் நிறையத் துணி. பெட்டியிலும் ஒன்றும் குறையவில்லை.

"அதான் எறங்கிட்டாருன்னு சொன்னேனே!"

"கீழ எறங்குனவரு தம்பி" என்றாள் கருப்பாயி. "அண்ணனை விட்டுட்டுத் தம்பிக்கு மட்டும் கட்டுனா கோவிச்சுக்க மாட்டாரா?"

குழு வருகிற நாளுக்கு முதல் நாள் நிலுஷா வந்தாள். பாறையைப் பார்த்தாள். கூரையைக் கீழே தம்பிக்கு மாற்றிப் போடுவதாகத் தம்பையாவிடம் சொல்லிவிட்டு, வேலுசாமியும் அவளுமாகத் தகரத்தைக் கழற்றினார்கள். துணியில் கை வைக்கப் போனவள் பாறைக்குக் கீழே நின்ற பெண்களின் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அங்கிள், நாளைக்கும் மழையா?"

"இங்க வேற என்னா பெய்யும் மிஸ்?"

வேலுசாமி அன்று இரவு விரல் விட்டு நாளை எண்ணினார். மறுநாள் போய் அதற்கடுத்த நாள்தான் மீனாம்பாள் கையெழுத்துப் போடுவது. நாளை சோதனை தோற்றால் பெட்டி கொழும்புக்கு, அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் குவைத்துக்கு.

விடிந்ததும் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வெயில் அடித்தது. பத்து மணிக்குள் துணிகள் மொறமொறவென்று காய்ந்து, காற்றில் படபடத்தன. நிலுஷாவின் கருவியில் கோடுகள் முழுசாக ஏறின. அவள் பாறையைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டாள்.

கொழும்புக் குழு வந்தது. மூவருமே கழுத்துப்பட்டி. துணிகளைக் காட்டிக் குழுத் தலைவர் கேட்டார். "இவை என்ன?"

"தடைகள் இருக்கும்போதும் சிக்னல் வருதான்னு பாக்குறதுக்கு, சேர்" என்றாள் நிலுஷா.

அவர் மெச்சுதலாகத் தலையாட்டினார். "இந்தப் போனில் பேசும் உண்மையான பாவனையாளர் ஒருவர், உண்மையான அழைப்பு ஒன்றைப் பேசட்டும். நாங்கள் தெளிவைக் கேட்க வேண்டும்."

"கேக்கணுமா?" என்று தம்பையா முன்னே வந்தார். "கோயில் மைக்செட் இருக்குதுங்க சேர்."

வேலுசாமி வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதை அவர் வணக்கம் வைப்பதாக எடுத்துக்கொண்டு குழுவும் கைகூப்பியது. வீட்டிலிருந்து பாறையடிக்குக் கொண்டுவந்த போனுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தார்கள். ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டும் மேல் டிவிஷனைப் பார்த்துத் திரும்பின. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு வந்து நின்றார்கள். முக்தார் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

"அலோ?" மலை முழுக்க மீனாம்பாளின் குரல். "என்னாங்க, இன்னிக்கி ஞாயித்துக்கெழமை இல்லியே? யாருக்கு என்னா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"மழையா?"

"இல்ல. வெயிலு."

குழுத் தலைவர் குறிப்பெடுத்தார். "நல்ல தெளிவு. தொடர்ந்து பேசச் சொல்லுங்கள்."

"நாளைக்குக் கையெழுத்துங்க" என்றது மலை. "அப்பறம் வேற என்னாங்க?"

வேலுசாமி சுற்றிப் பார்த்தார். துரை, குழு, தம்பையா, முக்தார், கருப்பாயி, கூடைகள். கூண்டில்லாத, கதவேயில்லாத இடம். 'வேற ஒண்ணுமில்ல' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"மீனா, கையெழுத்துப் போடாத. வந்துடு புள்ள. நீ இல்லாம என்னால முடியல."

வந்துடு புள்ள, வந்துடு புள்ள என்று எதிர் மலை இரண்டு தரம் சொல்லி ஓய்ந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதுவும் நல்ல தெளிவாகவே கேட்டது.

வேலுசாமி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், கருப்பாயி பாறைமேல் ஏறிப் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னாலேயே லயத்துப் பெண்கள் வரிசையாக ஏறினார்கள்.

"அக்கா! நான் அவுத்தா குத்தம்னீங்களே, இப்ப நீங்களே அவுக்குறீங்க?"

"பலிச்சா அவுக்கணும்டா தம்பி" என்றாள் கருப்பாயி, அடுத்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தபடி. "இம்புட்டுப் பேரும் கட்டுனது, நீ வாயத் தொறந்து அவள வரச் சொல்லணும்னுதானே!"