முட்டைக்குக் கேட்காமல்

கால்ட்பாக் பண்ணை,
மே மாதக் கடைசி. பனி இன்னும் விட்டபாடில்லை.

அன்புள்ள அண்ணன் ஆஸ்கெய்ருக்கு,

உன் தங்கை ஸ்டெய்ன்வோர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆடுகள் பரவாயில்லை. நாய் நலம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் அண்ணியும் ரெய்க்யாவிக் மழையில் நனைந்தாலும் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை எடுத்து, மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுகிறேன் என்று கோபத்தில் இருப்பாய். பண்ணையை விற்பதில் எனக்கு வருத்தம், அதனால்தான் பேசவில்லை என்று அண்ணி சொல்லியிருப்பாள். வருத்தம் உண்டு, ஆனால் காரணம் அது இல்லை. என்னிடம் ஒரு முட்டை இருக்கிறது. அதற்கு என் குரல் கேட்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்காமல் இந்த வீட்டிலிருந்து ஒரு கடிதமும் போகக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அதைக்கூட இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஆடுகள் குட்டி போடும் மும்முரத்தில் குளிர் திரும்பி வந்து, ஆற்றோரப் புல்வெளி முழுக்கப் பனி மூடிவிட்டது. வெயில் வந்த பிறகு, வழக்கம்போல் காட்டு வாத்து முட்டை எடுக்கப் போனேன். நம் கணக்கு உனக்குத் தெரியும், நமக்குக் கொஞ்சம், மிச்சம் தாய் வாத்துக்கு. அங்கே போனால் அவளைக் காணோம். கூட்டில் பனி. மற்ற முட்டைகளை அண்டங்காக்கைகள் குடித்துவிட்டு ஓடுகளை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தன. இறகுப் பஞ்சுக்கு அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது. அது நமக்கா, அவளுக்கா? அவள்தான் இல்லையே என்று எடுத்துக்கொண்டு வந்தேன். வாணலியில் வெண்ணெயைப் போட்டுவிட்டு, பான்கேக் மாவில் உடைத்து ஊற்றுவதற்கு முன்னால், அம்மா செய்வதுபோல் முட்டையைத் தண்ணீர்ச் சட்டியில் விட்டுப் பார்த்தேன். புது முட்டையானால் படுத்துக்கொள்ளும், அடைகாத்ததானால் நிமிரும். இது நிமிர்ந்து மிதந்தது மட்டுமல்ல, நான் தொடாமலே தண்ணீரில் ஆடியது. உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். வெண்ணெய் கருகிப் புகைந்தது. நான் முட்டையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். என்னைப் போல் தத்துவம் படித்தவர்களிடம் எவரும் ஒரு முட்டையை ஒப்படைக்கக் கூடாது, அண்ணா. வேறு யாராவது என்றால் பொரித்திருப்பார்கள், இல்லையென்றால் பொரிக்க வைத்திருப்பார்கள்.

முடிவு செய்யும் வரைக்கும் சூடாக இருக்கட்டும் என்று, அடுப்படியில் நோஞ்சான் குட்டிக்காகப் போட்டிருந்த அட்டைப் பெட்டியில் வைத்தேன். குட்டி அதைத் தாயின் மடி என்று நினைத்து முட்டிமுட்டிப் பார்த்தது. எடுத்து, அப்பாவின் கம்பளிக் கையுறைக்குள் போட்டு, என் ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு வைத்துக் கட்டிக்கொண்டேன். அங்கே அந்த மாதிரி ஒரு கனம் இருந்து வெகுகாலம் ஆகிறது என்பதை எழுதாமல் விடலாம், எழுதிவிட்டேன்.

அன்று பார்த்துப் பக்கத்துப் பண்ணை ஹெர்திஸ் அக்கா வந்தாள். நான் வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"அடியே, பேசாத! உள்ள இருக்கறது காதைத் தீட்டிக்கிட்டு இருக்கும். உன் குரலைக் கேட்டுப் பழகிடுச்சுன்னா நீதான் அதுக்கு ஆத்தா. அப்புறம் நீ கக்கூஸுக்குப் போனாலும் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கும்."

நான் கையை விரித்து, என்னதான் செய்வது என்று ஜாடையில் கேட்டேன்.

"பொரிக்கப் போறியா, வேணாமான்னு மொதல்ல முடிவு பண்ணு. அதுவரைக்கும் ஊமையா இரு. எங்க வீட்ல ஒண்ணு வளந்துச்சு, தெரியுமில்ல? எம் பின்னாலயே திரியும். ஆகஸ்ட்ல வேட்டை தொடங்கின அன்னைக்குப் புல்வெளியில எவனோ வாத்து மாதிரி ஊதுகுழல் ஊதினான். மத்த வாத்தெல்லாம் மேல பறந்துச்சு. இது மட்டும் யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நடந்தே போச்சு."

அப்புறம் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினேன்.

"அப்புறம் என்ன? நான் அழுதேன். எங்க வீட்டுக்காரரு குழம்பு ருசி நல்லா இருக்குன்னாரு."

இப்படி ஊமையாகிவிட்ட நிலையில்தான் நீ அனுப்பிய பால்மியும் அவர் மனைவி லோவீசாவும் பண்ணையைப் பார்க்க வந்தார்கள். நான் அவர்களை அவமானப்படுத்தினேன் என்று உனக்குச் செய்தி வந்திருக்கும். நான் அவர்களுக்குக் காபியும் எண்ணெயில் பொரித்த கிளைனாவும் கொடுத்தேன். பேசவில்லை, அவ்வளவுதான். பால்மி வாயை மூடவே இல்லை. ஆட்டுத் தொழுவத்தை இடித்துவிட்டு நீராவிக் குளியலறை கட்டலாமா, அப்பாவின் அறைச் சுவரை உடைத்துக் கண்ணாடி வைத்தால் ஆறு தெரியுமா என்று அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். தொழுவத்துக்குள் அவர்களைக் கூட்டிப்போன நேரம் பார்த்து நம் நெற்றிச்சுட்டி ஆடு முக்க ஆரம்பித்தது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. கையை உள்ளே விட்டுத் திருப்பியாக வேண்டும். நெஞ்சில் முட்டையோடு எப்படிக் குனிவது? ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையுறையை எடுத்துப் பால்மியின் விலை உயர்ந்த கோட்டுக்குள் திணித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். என் கண்ணில் என்ன இருந்ததோ தெரியவில்லை, மனிதர் அப்படியே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஆட்டோடு வெகுநேரம் மல்லுக்கட்டினேன். இரண்டு குட்டி. ஒன்று நின்றது. மற்றதை மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, தலைகீழாகப் பிடித்து ஆட்டியும் பார்த்தேன். நிற்கவில்லை.

பின்னாலிருந்து லோவீசாவின் குரல் மட்டும் கேட்டது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் இவ்வளவு நேரம் வாயை மூடி நான் பாத்ததே இல்ல. ஏங்க, ஸ்டெய்ன்வோர், பண்ணை கெடக்கட்டும், இந்த முட்டை கெடைக்குமா?"

பால்மி சிரிக்கவில்லை. செத்த குட்டியைப் பார்த்தார். முட்டையை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுக்கும்போது, உதட்டை மட்டும் அசைத்து, "உள்ள உதைக்குதுங்க" என்றார். நல்ல மனிதர்தான். நல்லவர்கள் வாங்குகிறார்கள் என்பதால் தொழுவம் இடிபடாமல் போய்விடாது.

பத்திரம் வந்துவிட்டது. உன் கையெழுத்துக்குக் கீழே என் இடம் காலியாக இருக்கிறது. காபிக் கோப்பையை அதன் மேல் வைத்துவிட்டேன். கறை படிந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

இனி என் முடிவு. இந்த முட்டையைப் பொரிக்க வைக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், நீயும் ஒத்துக்கொள்வாய். வந்து பிறந்தால் அது யாரையாவது அம்மா என்று நினைத்தே தீரும், இங்கே இருப்பது நான் ஒருத்திதான். கோடை முழுக்க என் காலடியில் திரியும். இலையுதிர்காலத்தில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கியதும் ஆடுகள் ஒரு லாரியிலும் நான் இன்னொரு வண்டியிலுமாகப் போகப்போகிறோம். உன் வீட்டுக்கு எதிரே நீ பார்த்து வைத்திருக்கும் இரண்டாம் மாடி வீட்டில், கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்த பால்கனியில், ஒரு காட்டு வாத்து என்ன செய்யும்? நானே என்ன செய்வேன் என்று தெரியவில்லை. விட்டுவிட்டு வந்தாலோ, கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கு வழி சொல்லிக்கொடுக்க அதற்கு ஆள் இல்லை. எனக்கு அக்குரெய்ரி டவுனுக்குப் போகவே வழி குழம்பும். மனிதச் சத்தம் கேட்டாலே நடந்து போகிற வாத்துக்கு ஆகஸ்டில் என்ன ஆகும் என்பதை ஹெர்திஸ் அக்கா சொல்லிவிட்டாள். ஓர் உயிரை வரவழைத்துவிட்டு, வந்த பிறகு உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்வதைவிட வரவேண்டாம் என்பது மேல். போன மனிதர்களுக்காகவே நான் இந்த வீட்டில் போதுமான அளவு காத்திருந்துவிட்டேன். இனிமேல் வருகிறவர்களுக்காக வேறு காத்திருக்க வேண்டுமா?

ஆகவே நாளைக் காலையில் முட்டையைக் கையுறையிலிருந்து எடுத்து வடக்குச் சுவரோரம் வைத்துவிடுவேன். குளிர் பார்த்துக்கொள்ளும். தபால் வண்டி வரும்போது கையெழுத்திட்ட பத்திரத்தையும் கொடுத்துவிடுவேன். செப்டம்பரில் வருகிறேன். பால்கனிக்கு ஒரு நாற்காலி போதும்.

அண்ணிக்கு என் அன்பு. உன் முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை பின்னியிருக்கிறேன், ஒன்று நீளம், ஒன்று குட்டை, இரண்டையும் போட்டுக்கொள். கர்த்தர் உங்கள் கூரையைக் காற்றிலிருந்து காப்பாராக.

என்றும் உன் தங்கை,
ஸ்டெய்ன்வோர்

பின்குறிப்பு: அப்பாவின் சட்டத்தை மீற மனம் வரவில்லை. நாளைக்குச் சுவரோரம் போகிற முட்டைதானே, கேட்டால் என்ன என்று, இதைத் தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்துப் பார்த்தேன். 'இரண்டாம் மாடி' வரைக்கும் நெஞ்சில் சத்தமில்லை. 'வரவேண்டாம் என்பது மேல்' என்ற இடத்தில் மூக்கைச் சிந்த நிறுத்தினேன். உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. நான் மேலே படித்தேன், அடங்கியது. நிறுத்தினேன், மறுபடியும் கூப்பிட்டது. வேண்டவே வேண்டாம் என்பதற்கு நான் எழுதிய அத்தனை காரணத்தையும் அது ஓட்டுக்குள் இருந்தபடி ஒன்று விடாமல் கேட்டுவிட்டது, இன்னும் கேட்கிறது. இப்போது ஓட்டில் ஒரு விரிசலும் விழுந்திருக்கிறது. பத்திரத்தை அனுப்பவில்லை. பால்மியிடம் நீயே சொல்லிவிடு, அவர் புரிந்துகொள்வார். உனக்கு வருவது இந்தக் கடிதத்தின் நகல்தான். அசல் எனக்கு வேண்டியிருக்கிறது. வேறு எதைப் படித்தாலும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.