பூங்காவனம் பெயரில் ஒரு புலி

ஒரு காட்டில் டவர் கிடைக்காத இடமே இல்லை என்றாகிவிட்டது. அதுவும் பழைய டவர் இல்லை, புதுசு. போன் வைத்திருக்கிறாயா என்றெல்லாம் அது கேட்காது. அலை போய் உடம்பில் பட்டுத் திரும்பும். உடனே, போன் உள்ளவர்களெல்லாம் பார்க்கும் காட்டு வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும்.

பூங்காவனம் என்ற முயலிடம் போன் கிடையாது. இருந்ததெல்லாம் ஈச்சம்புதருக்கடியில் ஒரு வளையும், அதில் கண் திறந்து மூன்று நாளான நாலு குட்டிகளும்தான். புதரில் இப்போது ஐந்து புள்ளிகள் தெரிந்தன. புள்ளிக்குப் பெயர் போடவில்லை என்பதால், பாம்போ என்னவோ என்று யாரும் கிட்டே வரவில்லை. ஆனால் இது எத்தனை நாளைக்கு? பூங்காவனம் வளை வாயைச் சருகால் மூடியது. அந்தரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஓடியது.

அங்கே அலுவலர் தனகோட்டி என்ற நரி. "கவலையே படாதீங்கம்மா, மறைச்சிடலாம்" என்று கனிவாகச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டியது. மறைக்க வேண்டிய வளை எங்கே உள்ளது? குட்டிகள் எத்தனை? தாய் வெளியே போகும் நேரம் என்ன?

"இதெல்லாம் எதுக்குங்க ஐயா?"

"எதை மறைக்கணும்னே தெரியாம எப்படிம்மா மறைக்கிறது?"

நியாயமான பேச்சு. அதனாலேயே பூங்காவனத்துக்குச் சந்தேகம் தட்டியது. வளை என்ற இடத்தில் 'வடக்குமலைக் குகை' என்று எழுதியது. அங்கே இருப்பது வீரபாகு என்ற புலி. விண்ணப்பித்தவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டுமாம், ஒரு போனையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

தனகோட்டி அன்று மதியமே அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வடக்குமலைக்குப் போனது. அந்த விடுப்பு இன்னும் முடியவில்லை.

முயலின் புத்தியை மெச்சிவிட்டு இங்கேயே கதையை முடித்திருக்கலாம். படிவம் விடவில்லை. குகையிலிருந்த புள்ளிக்கு 'பூங்காவனம், முயல், பெண்' என்று பெயர் விழுந்துவிட்டது. வீரபாகுவின் வேட்டை அனுமதி ரத்தானது. குகைக்கு வாராவாரம் கேரட் வந்தது. மீறி வேட்டைக்குக் கிளம்பினால் மான்களின் போனிலெல்லாம் எச்சரிக்கை அடித்தது: 'முயல் ஒன்று அனுமதியின்றித் துரத்துகிறது.'

வீரபாகு அலுவலகத்துக்குப் போய் உறுமியது. கவுண்டரில் இருந்த கரடி தலையைத் தூக்கவில்லை.

"பேர் மாத்தணும்னா ஓ.டி.பி. வேணும். அது பூங்காவனம் நம்பருக்குத்தான் போகும்."

ஈச்சம்புதருக்கடியில் போன் அடித்தது.

"அம்மா வணக்கம், புலி பேசுறேன். ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

பயத்தில் பூங்காவனத்துக்குக் காது விறைத்துப்போனது. குட்டிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"யாருகிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே."

"நான் நிஜப் புலிம்மா!" வீரபாகு உறுமிய உறுமலில் கரடியின் மேஜைக் காகிதமெல்லாம் பறந்தது.

"இப்பல்லாம் உறுமலைக்கூட கம்ப்யூட்டர்லயே பண்ணிடறாங்களாமே. பதிவேட்டுல நீங்க முயல்னுதான் இருக்கு."

மறுமுனையில் காகிதங்களைப் பொறுக்கி அடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ நாளைக்குக் கூப்பிடட்டுங்களாம்மா?" என்று கேட்டது புலி.

நீதி: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லாதவரைக்கும் புலியும் உங்களை அம்மா என்றுதான் கூப்பிடும்.