வால்நட்சத்திரத்துக்காக விளக்கணைத்த தெரு

ஐந்தாவது நாளாக எதிர்வீட்டுத் தீபாவளி விளக்குகள் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தன. ஸ்டானிஸ்லாஸுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கேமராவையே எடுத்து அந்த வீட்டின் மேல் வீசியிருப்பார். கேமரா தன்னுடையது என்பதால் வீசவில்லை.

சூரியன் மறைந்த பிறகு அரைமணி நேரம், சரியாக எதிர்வீட்டுத் தங்கராஜுவின் கூரைக்கு மேலேதான் அந்த வால்நட்சத்திரம் தெரியும். நாளையிலிருந்து மங்கிவிடும். திரும்பி வர எண்பதாயிரம் வருஷம் ஆகுமாம். மலேசியாவின் செனாயில் எட்டு வருஷமாக வாசலில் சின்னத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நிலவையே படம் பிடித்துச் சலித்த மனிதருக்கு, வாராது வந்த வாய்ப்பு. நான்கு நாள் எடுத்த படங்களில் வானமே சிவப்பும் பச்சையுமாக இருந்தது. வாலும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

நேற்று நடுத்தெருவில் நின்று கத்திப் பார்த்தார். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திர இரைச்சலுக்கு மேல் நாற்பது பேரை வேலை வாங்குகிற குரல் அது. தங்கராஜு அசரவில்லை.

"உங்க வீட்டு கிறிஸ்மஸ் ஸ்டாரு பிப்ரவரி வரைக்கும் தொங்குது. நான் வந்து ஏதாச்சும் கேட்டேனா?"

ஸ்டானிஸ்லாஸ் இன்னும் சத்தமாகக் கத்தினார். விளைவு, தங்கராஜு புதிதாக ஒரு சரம் வாங்கி வந்து மாமரத்திலும் சுற்றிவிட்டார்.

இன்று மனைவி இன்பராணி குறுக்கே வந்தாள். ஐந்து நாளாக வீட்டில் பூனை முதல் மின்விசிறி வரை எல்லாம் அவரிடம் திட்டு வாங்கியிருந்தன. பெரும்பங்கு அவளுக்கு. அவளுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"நீங்க இன்னிக்கு வாயே திறக்கக் கூடாது. நான் போய்ப் பேசறேன்."

போனவள் பத்தே நிமிஷத்தில் திரும்பினாள். மாமரம் அணைந்தது. கூரை அணைந்தது. பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று தெரு முழுக்க இருண்டுபோனது. ஸ்டானிஸ்லாஸ் வாய் பிளந்து நின்றார்.

"என்ன சொன்ன?"

"நம்ம வீட்ல சாவுன்னு சொன்னேன். உங்களுக்கு லைட்டு அணையணும், அவ்ளோதானே?"

தெருவில் ஒரு சாவு என்றால் அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் தீபாவளி விளக்குப் போடமாட்டார்கள். செத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. சொந்த ஊரான லாபிஸில் அவருக்குத் தொண்ணூறு வயதில் ஒரு பெரியம்மா இருக்கிறார். விடுப்புக்காக ஸ்டானிஸ்லாஸே அவரை இரண்டு முறை சாகடித்திருக்கிறார். இது மூன்றாவது முறை என்று எடுத்துக்கொண்டு, தொலைநோக்கியில் மாட்டிய கேமராத் திரையின் வெளிச்சம் சிதறாமலிருக்கக் கைலியைத் தலையில் போர்த்தியபடி குனிந்தார்.

தெரிந்தது. வெள்ளைத் தலையும் நீண்ட வாலுமாக, முழுசாகத் தெரிந்தது. அழுகை வரும்போல் இருந்தது அவருக்கு. பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் தோளில் ஒரு கை விழுந்தது.

தங்கராஜு. குரல் தழுதழுத்தது. லாபிஸிலிருந்து இப்போதுதான் வந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் மறுபடி விளக்கு எரியும். ஸ்டானிஸ்லாஸ் கைலிக்குள்ளிருந்து "ம்" என்றார்.

"ரொம்பக் கோபம் வரும். ஆனா மனசு தங்கம்ங்க," என்று தங்கராஜு கைலியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். அவர் கால் பட்டுத் தொலைநோக்கி நகர்ந்தது. வால்நட்சத்திரம் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேடினார். தங்கராஜுவின் மனைவி தேன்மொழி வந்து நாற்காலி வேண்டுமா என்றாள். தொலைந்தால் சரி என்று "ம்" என்றார். நாற்பது நாற்காலி வந்தது. உட்கார ஆட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர், மரண சகாய சங்கத்துக்குச் சொல்லட்டுமா என்று காதோரம் கேட்டார். அப்போதுதான் வால் மறுபடி கண்ணில் பட்டிருந்தது. அதற்கும் "ம்" என்றுவிட்டார்.

சங்கம் அடுத்த தெருவில்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் லாரி வந்து நின்று, கூடாரம் எழுந்து, பன்னிரண்டு குழல்விளக்குகள் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. வானம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது.

ஸ்டானிஸ்லாஸ் கைலியை உருவி எறிந்தார்.

"எவண்டா லைட்டைப் போட்டது? எண்பதாயிரம் வருஷம்டா! போயிடுச்சுடா!"

நாற்காலிகள் சரிந்தன. கூட்டம் மொத்தமும் பின்வாங்கியது. தேன்மொழி சிலுவை போட்டுக்கொண்டாள், அவள் இந்து. தங்கராஜு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். இந்தக் குரலை நேற்றே இவர்கள் மதித்திருக்கலாமே என்று ஸ்டானிஸ்லாஸுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஒரு கிழவியின் சாவுக்கு இத்தனை விளக்கா என்று கேட்கத் திரும்பினால், இன்பராணி வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தாள்.

ஏணியில் நின்ற கூடாரக்காரன் தீபன் மட்டும் ஓடவில்லை. கைப்பேசியைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடி கைப்பேசியைப் பார்த்தான்.

"அண்ணே, இறந்தவரு படம்னு சங்கத்து குரூப்புல போட்டிருக்காங்களே, இது நீங்கதானே?"